மொனேயின் ‘துரூவில் கடற்கரை’: யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு எடுத்த பிரதி எப்படி?

பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயின் ‘துரூவில் கடற்கரை’ ஓவியத்தைக் கன்வஸில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரிதாக எடுக்காதீர்கள். கடைக்காரர் பெரிதாகப் போடச் சொல்வார், வீட்டில் உள்ளவர்களும் சொல்வார்கள், ஹோல் சுவர் வெறுமையாகக் கிடக்கிறதே என்று உங்களுக்கே ஒரு ஆசை வரும். இருந்தாலும் வேண்டாம். ஒறிஜினலே ஏறக்குறைய 38 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமும் உள்ள சின்னப் படம். அந்த அளவில் எடுத்தால்தான் அது படமாக நிற்கிறது. இரண்டு அளவிலும் அச்சிட்டதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

படம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1870 கோடையில், பிரான்சின் வடக்குக் கரையில், நோர்மண்டிப் பகுதியில் உள்ள துரூவில் என்ற ஊரின் கடற்கரையில் கீறியது. இரண்டு பெண்கள் கதிரையில் இருக்கிறார்கள். இடப்பக்கம் வெள்ளை உடுப்பும் பூ வைத்த தொப்பியுமாக இருப்பவர் மொனேயின் மனைவி கமீல் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். வலப்பக்கம் கறுப்பு உடுப்பில் தலையைக் குனிந்தபடி இருப்பவர் ஓவியர் யூஜின் பூதானின் மனைவியாக இருக்கலாம். அந்தப் பூதான்தான் மொனேயைச் சின்ன வயதில் வெளியில் கூட்டிக்கொண்டு போய், வானத்தைப் பார்த்துக் கீறு என்று பழக்கியவர். இருவர் கையிலும் குடை. நடுவில் ஆள் இல்லாத ஒரு கதிரை. பின்னால் கடற்கரை, ஆட்கள் என்று ஊகிக்கக்கூடிய சில புள்ளிகள், மேலே மேகம் ஓடுகிற வானம். அவ்வளவுதான். இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை, ஆனால் சண்டை பிடித்த மாதிரியும் தெரியவில்லை. வெயிலில் கனநேரம் இருந்தால் கதை தானாக நின்றுபோகும், அந்த நேரம்தான் படத்தில் இருக்கிறது.

கடற்கரைப் படம் என்றால் நீந்துவதும் பந்து விளையாடுவதும் தான் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எங்கள் ஆட்களுக்கு அப்படி இராது என்று நினைக்கிறேன். ஓகஸ்ட் மாதம் காரைநகர்க் கசூரினாவுக்குப் போய்ப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்து லீவில் வந்த பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்பார்கள், அம்மாமாரும் மாமிமாரும் சவுக்கு மர நிழலில் முழு உடுப்போடு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தும் பார்க்காமலும் இருப்பார்கள். துரூவிலும் அப்படிப்பட்ட இடம்தான். 1863 இல் ரயில் பாதை வந்த பிறகு பாரிசில் இருந்து கோடைக்கு ஆட்கள் வந்து குவிந்த ஊர். வந்தவர்களில் பெரும்பாலானோர் உடுத்தபடியே கரையில் இருந்து காற்று வாங்கினார்கள். பூதான் அந்தக் கூட்டத்தைத் தூரத்தில் இருந்து, வரிசை வரிசையாகப் பல தடவை கீறினார். மொனே கிட்டப் போய் இரண்டு பேரை மட்டும் எடுத்தார். எனக்கு இந்தப் படம் பிடிக்க அந்தக் கிட்டம்தான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. மொனேயும் கமீலும் கலியாணம் எழுதியது 1870 ஜூன் 28 அன்று. அப்போது மகனுக்கு மூன்று வயது நடக்கிறது. ஜூலை 19 அன்று பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் தொடங்கியது. அந்தக் கோடையை இவர்கள் துரூவிலில் கழித்தார்கள், குளிர்காலம் வருமுன் கடல் கடந்து லண்டனுக்குப் போய்விட்டார்கள். போர் தொடங்கிய கோடையில் பிள்ளையோடு கடற்கரையில் இருந்த குடும்பம், சில மாதங்களில் வேறு நாட்டில், வேறு மொழிக்குள். இதை யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படத்தில் போரின் அடையாளம் எதுவும் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கறுப்பு உடுப்பையும் வெறுங்கதிரையையும் நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது என்பது உண்மை. கமீல் 1879 இல், 32 வயதில் இறந்துபோனார்.

சரி, பிரதிக்கு வருவோம்.

நகரத்தில் சாமிப்படமும் கலியாணப் படமும் பிறேம் போடும் கடை ஒன்றில்தான் கொடுத்தேன். கடையின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் முதல் தடவை அவர்கள் செய்தது சரியில்லை, பிறகு செய்தது நல்ல வேலை, பெயரைப் போட்டால் ஆட்கள் முதல் பாதியை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். நான் கேட்டது ஒறிஜினல் அளவு. கடை அண்ணை படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “தங்கச்சி, உந்த அளவிலை போட்டால் ஹோலுக்கு எடுப்பா இராது, 24க்கு 36 போடுங்கோ, சட்டமும் ரெடியா இருக்கு” என்றார். வேண்டாம் அண்ணை, சின்னனாகவே வேணும் என்று சொல்லி, துண்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எடுக்கப் போனபோது 24க்கு 36 அங்குலத்தில் அச்சிட்டு, மினுக்குப் பூச்சும் பூசி வைத்திருந்தார்கள்.

அளவு பிழைத்தால் என்னென்ன பிழைக்கும் என்று அன்றைக்கு ஒரே படத்தில் பார்க்கக் கிடைத்தது. ஒறிஜினலின் அகலம் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. 24க்கு 36 என்றால் ஒன்றரை மடங்கு. இந்த இரண்டும் பொருந்த வேண்டும் என்றால் மேலேயும் கீழேயும் வெட்ட வேண்டும், அல்லது பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இவர்கள் இழுத்திருந்தார்கள். கமீலின் முகம் அகன்று, தோள் விரிந்து, குடை தட்டையாகிப் போயிருந்தது. நிறத்தையும் ‘தூக்கி’ இருந்தார்கள். ஒறிஜினலில் வானம் நீலமும் சாம்பலும் கலந்தது, இங்கே கலண்டரில் வரும் நீலம். மணல் மஞ்சளாகிவிட்டது. அப்புறம் அந்த மினுக்கு, யன்னல் வெளிச்சம் பட்டால் படத்தில் பாதி தெரியாது.

இவை எல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். இழுக்காமல், நிறம் மாற்றாமல், மினுக்கு இல்லாமல் அதே பெரிய அளவில் போட்டாலும் அது சரிவராது என்பதுதான் நான் சொல்ல வருவது. காரணம் மொனே வேலை செய்த விதம். இந்தக் கன்வஸ் அன்றைய பிரெஞ்சுக் கடைகளில் தயாராக விற்ற 8 ஆம் எண் அளவு. கையில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகலாம். வண்ணம் தகரக் குழாயில் வரத் தொடங்கியது 1840களில், அது இல்லாவிட்டால் வெளியில் இருந்து எண்ணெய் வண்ணத்தில் இப்படிக் கீறுவது பெரிய கரைச்சல். கொண்டு போனதை வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாறுமுன், ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசியிருக்கிறார். அகலமான தூரிகை, சின்னக் கன்வஸ். ஒரு கை அசைப்பில் ஒரு சட்டைக் கை முடிந்துவிடுகிறது. கமீலின் வெள்ளைச் சட்டையில் வெயில் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள், வண்ணம் தடிப்பாக, இழுத்த இழுப்பு அப்படியே தெரியும். சில இடங்களில் பூசாத அடித்தளமே தெரிகிறது. முகத்தில் கண் வாய் என்று ஒழுங்காக ஒன்றும் இல்லை, தொப்பி நிழலுக்குள் சில தடங்கள்தான். சின்ன அளவில், ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கும்போது இந்தத் தடங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முகமாகி, ஒரு வெயிலாகின்றன. பரப்பில் மூன்று மடங்கு பெருப்பித்தால் அவை சேர மாட்டா. அதே ஐந்தாறு அடியில் நின்றால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறத் திட்டு ஒன்றுதான் கண்ணில் படும். எங்கள் வீட்டு ஹோலில் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்க்க யாருக்கு இடம் இருக்கிறது?

பெரிய படத்தைக் காட்டி, ஒறிஜினல் படத்தையும் போனில் எடுத்துக் காட்டி, நீளம் அகலத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். கடை அண்ணை வாதாடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஓம், ஆளை உருட்டிப் போட்டாங்கள், விடுங்கோ, திருப்பி அடிச்சுத் தாறன்” என்றார். இரண்டாவதுக்குக் காசு வாங்கவில்லை. எல்லாக் கடையும் இப்படிச் செய்யாது. கெட்டுப் போன பெரிய பிரதியை ஒப்பிட்டுப் பார்க்கவென்று வீட்டுக்குக் கொண்டு போகவும் விட்டார்.

இரண்டாவது பிரதியைப் பற்றி மனம் நிறையச் சொல்லலாம். அளவு சரி, வெட்டு இல்லை, இழுப்பு இல்லை. மினுக்கம் இல்லாத கன்வஸ், அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் படம் தெரிகிறது. நிறத்தை, ஒறிஜினல் இருக்கும் லண்டன் நஷனல் கலரியின் இணையத்தளத்தில் உள்ள படத்தோடு வைத்துப் பார்த்தேன். வானம் நன்றாகவே வந்திருக்கிறது, வெள்ளைச் சட்டையில் உள்ள நீல நிழல் வந்திருக்கிறது, இது முக்கியம், ஏனென்றால் வெயிலில் வெள்ளைத் துணியின் நிழல் சாம்பலாக இருப்பதில்லை, நீலம் அடிக்கும், மொனே அதைப் பிடித்திருக்கிறார். கறுப்பு உடுப்பில்தான் குறை. ஒறிஜினலில் அந்தக் கறுப்புக்குள் தூரிகைத் தடம் தெரிகிறது, பிரதியில் எல்லாம் ஒன்றாகி அடைந்துபோய் இருக்கிறது. சாதாரணக் கடை மெஷினில் இருண்ட நிறங்கள் இப்படித்தான் வரும். முதலில் ஒரு சின்னத் துண்டை அச்சிட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கறுப்புப் பகுதியை அதில் பாருங்கள்.

எந்தப் பிரதியும் தர முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஓவியத்தின் வண்ணத்துக்குள் மணல் இருக்கிறது. நிஜமான மணல். நஷனல் கலரியில் ஆராய்ந்தபோது வண்ணத்தோடு ஒட்டிக் காய்ந்த கடற்கரை மணல் துகள்களைக் கண்டிருக்கிறார்கள். படத்தின் ஒரு பகுதியாவது அந்த இடத்திலேயே கீறப்பட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. சோளகம் எழும்பிய காலத்தில் சாட்டிக் கடற்கரைக்குச் சோத்துப் பார்சல் கொண்டு போனவர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று தெரியும், எவ்வளவு மூடி வைத்தாலும் கடைசிக் கவளத்தில் மணல் கடிபடும். ஈர வண்ணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காற்றுக்குள் நின்றவருக்கு வேறு என்ன நடக்கும்? அந்த மணல் பிரதியில் இல்லை, தடிப்பும் இல்லை. விரலால் தடவினால் நெசவு மட்டும்தான் ஒரே சீராகத் தட்டுப்படும். பிரதியை வாங்குகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சரி. கன்வஸின் மேல் தெளிவான பசையைத் தூரிகையால் தடவி, கையால் கீறின மாதிரி மேடு பள்ளம் செய்து தருவதாகச் சில கடைகளில் கேட்பார்கள். அதை மட்டும் செய்விக்காதீர்கள். அந்தக் கோடுகள் மொனேயின் கோடுகளோடு எங்கும் பொருந்தாது.

நடுக் கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சாய்மானத்தில் ஏதோ ஒன்று தொங்குகிறது. நான் கவனிக்கவே இல்லை, அம்மாதான் மாட்டிய அன்றே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய், “உது பிள்ளையின்ரை சப்பாத்தடி, காயப் போட்டிருக்கினம்” என்றார். பிறகு வாசித்துப் பார்த்தால், அது ஒரு குழந்தையின் கடற்கரைச் சப்பாத்தாக இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். படத்தில் பிள்ளை இல்லை, அது மணலில் எங்கோ விளையாடிக்கொண்டு நிற்கிறது. பெரிய பிரதியில் அந்த இடம் வெறும் கலங்கல், சின்னதில் தெளிவாகத் தெரிகிறது. மாமிக்கு மட்டும் இன்னும் படம் பிடிக்கவில்லை. முகத்தைக் கீறாமல் விட்ட படத்தை ஏன் காசு கொடுத்து வாங்கினாய் என்பது அவரின் கேள்வி, அது நியாயமான கேள்விதான், அவருக்கு நான் கொடுத்த பதில் மேலே எழுதியதுதான்.

பிறேமுக்கு வேப்பம் பலகையில் மெல்லிய சட்டம் கேட்டேன், பூ வேலை, பொன் பூச்சு ஒன்றும் வேண்டாம் என்று. நன்றாகச் செய்திருக்கிறார்கள், மூலைப் பொருத்தில் நகம் போக இடமில்லை. எங்கள் வீடு பண்ணைக் கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்று நேரே வரும், அதனால் இதை மாட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். பின்பக்கம் சாதாரண ஆணி அடித்தால் ஒரு மாரி தாண்டாது, துரு கன்வஸில் இறங்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி கேளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சுவர் வேர்க்கிற வீடாக இருந்தால் சட்டத்தின் கீழ் மூலை இரண்டிலும் சின்ன ரப்பர்த் துண்டு ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓட வேண்டும். கன்வஸுக்குக் கண்ணாடி தேவையில்லை. கடதாசியில் அச்சிடுவதாக இருந்தால் கண்ணாடி வேண்டும், ஆனால் கடதாசி கண்ணாடியில் முட்டாமல் நடுவில் மட்டை விளிம்பு கட்டாயம், இல்லாவிட்டால் ஈரப்பதனுக்கு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்ற முடியாது. விறாந்தையில் மாட்ட வேண்டாம். கிழக்கு வெயில் நேரே விழும் சுவரிலும் வேண்டாம், எந்த மையும் இந்த வெயிலுக்கு நிற்காது.

பெரிய கடற்கரைப் படம்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: ஸ்பானிய ஓவியர் ஹொவாக்கின் சொரோயா 1909 இல் வலென்சியா கடற்கரையில் கீறிய ‘கடற்கரையில் உலா’. அவருடைய மனைவியும் மூத்த மகளும் வெள்ளை உடுப்பில், காற்றில் துணி பறக்க, அலை ஓரம் நடந்து போகிறார்கள். வானமே இல்லை, கடலும் மணலும்தான் பின்னால். அந்த ஒறிஜினல் இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் அளவு, ஆளுயரத்துக்கு என்று நினைத்தே தீட்டியது, அதைப் பெரிதாகப் போட்டால் எடுப்பாகத்தான் இருக்கும். கலியாண வீட்டுப் பரிசாகக் கொடுக்கவும் அது பொருந்தும். அழகு என்று பார்த்தால் சொரோயாவின் படம்தான் கூட என்று பலர் சொல்வார்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் தினமும் சாப்பாட்டு மேசையில் இருந்து பார்க்க எனக்கு மொனேயின் அந்த இரண்டு பெண்களும் வேண்டும். அவர்கள் பார்க்கிறவரை எதுவும் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது கொடுக்கிறார்கள். நேற்று, கமீலின் முகத்துக்குக் குறுக்கே குடை நிழல் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு இருந்ததில் தேத்தண்ணீர் ஆறிப் போனது.

விலை: அச்சும் சட்டமும் சேர்த்து 8,000 ரூபாய்க்குச் சற்றுக் கூட. அளவு தயார்ச் சட்டங்களுக்குள் வராது, தனியாக வெட்டச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கூடுதல் காசு. 16க்கு 20 அங்குலத் தயார்ச் சட்டத்தில் போட்டால் மலிவு, விகிதமும் கிட்டத்தட்ட வரும், ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், கை இறுக்கமாக இருப்பவர்கள் அப்படி எடுக்கலாம், படம் கெடாது. மொனே இறந்தது 1926 இல், அதனால் ஓவியத்துக்கு உரிமைப் பிரச்சினை இல்லை, பெரிய ஃபைல் இணையத்தில் தேடினால் கிடைக்கும். அகலப் பக்கம் 5,400 பிக்சல் இருந்தால் நல்லது, 2,700க்குக் கீழே இறங்க வேண்டாம். அதை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். பென்டிரைவில் போட்டுக் கையில் கொண்டு போங்கள், நிறத்தைக் கூட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம் என்று அச்சு மெஷினில் இருக்கும் பெடியனிடமே நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். முன்னால் இருப்பவரிடம் சொன்னது பின் அறைக்குப் போய்ச் சேருவதில்லை.